மூணு ராத்திரி கப்பலில், அம்மா அப்பாவோடு

சிங்கப்பூரில் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். அம்மா அப்பா வந்தால் எங்கெங்கே கூட்டிப் போவது என்று. மெர்லயன், செந்தோசா, நைட் சஃபாரி, சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில், செரங்கூன் ரோடு காளியம்மன் கோயில், கடைசியாக முஸ்தபா. நிதானமாகச் சுற்றினாலும் ஐந்து நாளில் பட்டியல் தீர்ந்துவிடும். வந்தவர்கள் இருப்பதோ 30 நாள். மிச்ச இருபத்தைந்து நாளும் "இன்னிக்கு எங்க போறோம்?" என்று அம்மா காலையில் கேட்கும்போது வயிற்றைக் கலக்கும்.

2024 டிசம்பரில் என் அம்மா அப்பா வந்தபோது அந்தப் பட்டியலில் நான் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தேன். கப்பல். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு போய், திரும்ப சிங்கப்பூர். மூன்று ராத்திரி. அப்போதிலிருந்து கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் எவ்வளவு ஆச்சு, சாப்பாடு எப்படி, வாந்தி வருமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே ஒரே முறை எழுதிவிடுகிறேன். ஆனால் எழுதப் போவதில் பாதி கப்பலைப் பற்றி இல்லை. இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் குறை சொல்லக்கூடாது :-)

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம். எங்கள் ஊர் முசரவாக்கம். காஞ்சிபுரம் பக்கம். அப்பா பட்டு நெசவு. வீட்டுக்குள்ளேயே இரண்டு குழித்தறி. தரையில் குழி வெட்டி, அதற்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிக்கிற தறி. அம்மா தார் சுற்றுவாள், பாவு வேலையில் கூட நிற்பாள். நெசவுக்காரருக்கு லீவு என்று ஒன்று தனியாகக் கிடையாது. உட்கார்ந்தால் கூலி, எழுந்தால் இல்லை. மழைக்காலத்தில் மட்டும் குழியில் தண்ணீர் ஊறும், பாவு ஈரம் ஏறி ஒட்டும், வேலை தானாகவே மந்தமாகும். அதனால்தான் அப்பா டிசம்பரில் வர ஒப்புக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேறு காரணமும் இருந்தது என்பது கப்பலில்தான் தெரிந்தது. அது பிறகு.

கப்பல் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "அதுல குளிக்க இடம் இருக்குமா?" அப்பா கேட்டது, "எவ்வளவு?" தொகையைச் சொல்லவில்லை. என் உதவித்தொகையிலிருந்து ஒரு வருஷமாக எடுத்து வைத்த பணம். ஜன்னல் இல்லாத உள் அறைதான் எடுத்தேன், அதுதான் இருப்பதிலேயே மலிவு. மூன்று பேருக்கு ஒரே அறை. மேலே மடிக்கிற படுக்கையில் நான், கீழே அவர்கள். கதவைச் சாத்தி விளக்கை அணைத்தால் பகல் பன்னிரண்டு மணிக்கும் கும்மிருட்டு. அப்பா உள்ளே நுழைந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "நம்ம தறி ரூம் மாதிரி இருக்கு" என்றார். பாராட்டா குறையா என்று இன்றுவரை தெரியாது.

மெரினா சவுத் பியர் ரயில் நிலையத்தில் இறங்கினால் கப்பல் முனையம் பக்கத்திலேயே. 2012ல் திறந்த முனையம். சிங்கப்பூர் விமான நிலையத்தைப் போலவே இருக்கும், பாஸ்போர்ட் சோதனை எல்லாம் உண்டு. வீட்டில் சமைத்த சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். முந்தின நாளே சொல்லியும் அம்மா புளியோதரை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "கப்பல்ல என்ன குடுப்பான்னு யாருக்குத் தெரியும்?" முனையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, பெட்டிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, மூன்று பேரும் அந்தப் புளியோதரையைத் தீர்த்தோம். எதிரே பதினைந்து மாடி உயரத்துக்குக் கப்பல் நின்றது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். "இது மிதக்குதா, இல்ல கட்டி விட்டிருக்காங்களா?"

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: கவலையே வேண்டாம். பஃபேயில் இந்தியச் சாப்பாட்டுக்குத் தனி வரிசை உண்டு. பருப்பு, பனீர், சாதம், சப்பாத்தி, சாம்பார் மாதிரி ஒன்று. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் தாராளமாகப் போகலாம். அப்பாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவே இல்லை.

"எவ்வளவு வேணா எடுக்கலாமா? ஓசியா?"

"ஏற்கெனவே காசு கட்டியாச்சுப்பா."

"அப்ப ஓசி இல்லல்ல" என்று சொல்லிவிட்டு இன்னொரு சப்பாத்தி எடுத்துக்கொண்டார்.

வாந்தியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: மலாக்கா ஜலசந்தி பெரும்பாலும் குளம் மாதிரி. ஒரு பக்கம் மலாயா, மறுபக்கம் சுமத்ரா, நடுவில் கடல். பெரிய அலை எழும்ப இடமில்லை. எங்கள் மூவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி படுத்திருக்கும்போது மட்டும் மெத்தைக்கு அடியில் ஒரு சின்ன அதிர்வு இருந்துகொண்டே இருக்கும். அம்மா, "பக்கத்து வீட்டுல பவர்லூம் ஓடற மாதிரி இருக்கு" என்றாள்.

கப்பல் புறப்பட்டது சாயங்காலம். எல்லோரும் மேல் தளத்தில் கூட்டமாக நின்று நகரத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்பாவை மறுபக்கத்துக்கு அழைத்துப் போனேன். தெற்கே சின்னச் சின்னத் தீவுகள் தெரியும். அதில் ஒன்று செயின்ட் ஜான்ஸ் தீவு. 1874லிருந்து பல காலம் அது தொற்றுநோய்த் தடுப்பு முகாம். நம் நாட்டிலிருந்தும் சீனாவிலிருந்தும் கப்பலில் வந்தவர்களை, ஊருக்குள் விடுவதற்கு முன்னால் அங்கே இறக்கி வைத்துச் சோதிப்பார்கள். பினாங்கில் அதே வேலைக்கு ஜெரஜாக் என்ற தீவு இருந்தது.

இதை நான் ஏதோ பொது அறிவு போலச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா சட்டென்று கேட்டார். "ராஜுலா இந்தப் பக்கமாத்தான் வந்திருக்குமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராஜுலா என்ற பெயர் அப்பாவுக்கு எப்படித் தெரியும்?

எஸ்.எஸ். ராஜுலா 1926ல் கிளாஸ்கோவில் கட்டின கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் (இப்போது போர்ட் கிளாங்), சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. நடுவில் உலகப் போர்க் காலம் மட்டும் விலக்கு. மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களில் பல குடும்பங்களுக்குத் தாத்தாவோ பாட்டியோ வந்த கப்பல் அது. அறை எடுக்கக் காசில்லாத பெரும்பாலானவர்கள் தளப் பயணிகள். பாயை விரித்த இடம்தான் அவர்கள் இடம். அதற்கு அப்புறம் எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடியது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பிடித்தது. பலர் இறந்தார்கள். அதோடு அந்தச் சேவையும் நின்றுபோனது. இவ்வளவும் நான் இங்கே நூலகத்தில் படித்தது. அப்பாவுக்குத் தெரிந்தது வேறு.

அப்பாவுக்கு ஒரு பெரியப்பா இருந்தாராம். தாத்தாவின் அண்ணன். 1950 வாக்கில், தறியில் வேலை இல்லாத ஒரு சமயம், யாரோ சொன்னார்கள் என்று நாகப்பட்டினம் போய் ராஜுலாவில் ஏறிவிட்டார். பினாங்கில் இறங்கினதாக ஒரு கடிதம். பிறகு ஸ்டூடியோவில் நின்று எடுத்த ஒரு போட்டோ. இன்னும் ஒரு கடிதம். அவ்வளவுதான். அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் வீட்டில் யாராவது வெளியூர் வேலைக்குப் போவதாகச் சொன்னால் பாட்டி, "ராஜுலா ஏறிடாதடா" என்பாளாம். எனக்கு இருபத்தாறு வயது. இத்தனை வருஷத்தில் இந்தக் கதையை நான் கேட்டதே இல்லை.

"ஏம்பா சொல்லவே இல்ல?"

"நீ வெளிநாட்டுக்குப் படிக்கப் போறேன்னு நிக்கும்போது இதையா சொல்லுவாங்க?"

மறுநாள் மத்தியானம் பினாங்கு. கப்பல் ஜார்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே நிற்கிறது. வெளியே வந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை நடை தூரம், லிட்டில் இந்தியாவும் நடை தூரம். பணம் கட்டி டூர் பஸ்ஸில் போக வேண்டிய அவசியமே இல்லை. ஜார்ஜ் டவுன் 2008ல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரம் ஆனது. நான் மலை ரயில், சுவர் ஓவியம் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அப்பா துறைமுகத்தைத் தாண்டி வெளியே வந்ததும் நின்றுவிட்டார். கடலைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், மணிக்கூண்டைப் பார்த்தார்.

"விலாசம் ஏதாவது ஞாபகம் இருக்காப்பா? கேட்டுப் பாக்கலாம்."

"தேடறதுக்கு வரல பாப்பா. எங்க இறங்குனாருன்னு பாக்கணும்னு இருந்தது. பாத்தாச்சு."

அதன்பின் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. குயீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833ல் கட்டின கோயில். அம்மா அர்ச்சனை செய்தாள். யார் பெயருக்கு என்று அர்ச்சகர் கேட்டபோது, எங்கள் பெயர்களோடு அந்தப் பெரியப்பாவின் பெயரையும் அம்மா சொன்னாள். அப்பா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகச் சேலைகள், மேலே "காஞ்சிபுரம் பட்டு" என்று பலகை. அப்பாவை அந்த இடத்தை விட்டு நகர்த்த முடியுமா? உள்ளே போனோம். கடைக்காரர் முந்தியை விரித்து ஜரிகையைக் காட்டினார். அப்பா அதைப் பார்க்கவே இல்லை. சேலையைப் புரட்டிப் பின்பக்கம் கரை சேருகிற இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

தெரியாதவர்களுக்காக: காஞ்சிபுரம் சேலையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் இருக்கும் இல்லையா, அதில் இரண்டையும் ஊடை நூலால் கோத்துக்கோத்து நெய்வதற்குப் பெயர் கோர்வை. அதற்கு மூன்று நாடா வேண்டும். ஒரு ஆளால் முடியாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கரை நாடாவை வாங்கி வாங்கித் திருப்பிப் போட வேண்டும். கோத்த இடம் பின்பக்கம் தடவினால் விரலுக்குத் தெரியும். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இருந்தாலும் விசைத்தறியில் ஓட்டினதும் அதே பெயரில் விற்கிறது. பலகையைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

மூன்று சேலை புரட்டினார். இரண்டை ஒன்றும் சொல்லாமல் தள்ளி வைத்தார். மூன்றாவதை மட்டும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். "இது தறி. கோர்வை. பதினஞ்சு நாளாவது ஆகியிருக்கும்." கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "அண்ணனுக்கு விஷயம் தெரியுது, எந்தக் கடை?" என்றார். அப்பா, "கடை இல்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

வெளியே வந்ததும் அம்மாதான் ஆரம்பித்தாள். "சொல்லேன் அவகிட்ட." அப்பா, "கப்பலுக்கு நேரமாச்சு" என்றார்.

நிற்க. இங்கே எங்கள் அறையைச் சுத்தம் செய்த அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாக்காரர். தினமும் சாயங்காலம் துண்டை மடித்து யானை, குரங்கு என்று செய்து கட்டிலில் வைத்துவிட்டுப் போவார். அம்மா அந்த யானையைப் பிரிக்க விடவில்லை. அதனால் மூன்று நாளும் ஒருவர் துண்டு இல்லாமல் சமாளித்தோம். அப்பாவுக்கோ அந்த யானையைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான் கேள்வி. என்னை மொழிபெயர்க்க வைத்து அவரிடமே கேட்டார். "ஒரு நிமிஷம்." ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை? "பத்து, பன்னிரண்டு." ஊருக்குப் போய் எத்தனை மாதம்? "ஏழு. இன்னும் இரண்டு மாதம் இருக்கு. மகளுக்கு மூணு வயசு."

கடல்தொழிலாளர்களுக்கென்று 2006ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் போட்டார்கள். 2013ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வேலை நேரத்தைக் கணக்கிட்டால் 24 மணி நேரத்தில் 14 மணிக்கு மேல், 7 நாளில் 72 மணிக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இதை நான் சொன்னதும் அப்பா விரல் விட்டு எண்ணினார். "எழுபத்திரண்டுன்னா ஞாயித்துக்கிழமை விட்டு ஒரு நாளைக்கு பன்னெண்டு மணி நேரம். தறிக்காரன் கணக்குதான்." பிறகு அந்த அண்ணன் வரும்போதெல்லாம் அப்பா எழுந்து நின்று வழிவிட்டார். ஒருமுறை போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடிக்கவும் உதவினார். அவர் பதறிப் போனார். அப்பா விடவில்லை. எதிரெதிரே நின்று இரண்டு பேரும் போர்வையை இழுத்து மடித்ததைப் பார்த்தால் பாவு நீட்டிச் சரிசெய்கிற மாதிரியே இருந்தது.

மூன்றாம் நாள் முழுக்கக் கடல். எந்த ஊரும் கிடையாது. நீச்சல் குளம், பாட்டு, நாடகம், சூதாட்டம், குழந்தைகளுக்குச் சறுக்கு மரம் எல்லாம் உண்டு. நாங்கள் ஒரு சுற்று எல்லாவற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு, மேல் தளத்தில் நிழலாக மூன்று நாற்காலி பிடித்து உட்கார்ந்தோம். வைஃபைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், நான் கட்டவில்லை. கப்பலில் சாதாரண ரோமிங்கில் பேசினால் சொத்தை எழுதி வைக்க வேண்டும் என்பதால் மூன்று போனும் ஃப்ளைட் மோடில் கிடந்தன. எங்களைச் சுற்றிக் கப்பல்கள். உலகத்திலேயே நெரிசலான கடல்வழிகளில் ஒன்று அது, வருஷத்துக்கு 80,000க்கும் மேல் கப்பல் போகிறது. எண்ணெய்க் கப்பல், பெட்டிக் கப்பல் என்று இடைவெளி விட்டு வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன.

"இவ்வளவு கப்பல் போகுது, ஒரு சத்தம் இல்ல பாரு" என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து, "வீட்டுலயும் இப்ப அப்படித்தான்" என்றார்.

பெரிய தறியைக் கழற்றிவிட்டார்களாம். புரட்டாசியிலேயே. மரத்தையெல்லாம் பிரித்துப் பின்கட்டில் அடுக்கியாகிவிட்டது. குழியை மணல் போட்டு மூடியாகிவிட்டது. மேலே சிமெண்ட் மட்டும் பூசவில்லை.

இரண்டு மாதத்துக்கும் மேலாக எனக்குத் தெரியாது. தினமும் ராத்திரி எட்டு மணிக்குப் போனில் பேசுகிறோம். ஒரு நாள் தவறியதில்லை. ஆனால் புரட்டாசியிலிருந்து அவர்கள் மொட்டை மாடியிலிருந்துதான் கூப்பிட்டார்கள். "இங்கதான் சிக்னல் நல்லா இருக்கு" என்று அம்மா சொல்லியிருந்தாள். தறிச் சத்தம் இல்லாதது எனக்குத் தெரியக்கூடாது என்று மேலே ஏறி இருக்கிறார்கள். நான் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன், மனசு கலையக்கூடாதாம். அம்மாவுக்கு முட்டிவலி. தினமும் அத்தனை படி.

ஏன் கழற்றினார்கள்? பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. கோர்வை நாடா போட வந்துகொண்டிருந்த பையன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டான். ஊருக்கே பஸ் வந்து அழைத்துப் போகிறது, மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப். அவன் மேல் என்ன தப்பு? ஒரு காலத்தில் அந்த இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். காஞ்சிபுரத்தில் அது ஊரறிந்த சங்கதி. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் முன்பணத்துக்காகத் தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். நானும் லீவு நாளில் உட்கார்ந்திருக்கிறேன், ஏழாம் வகுப்பு வரைக்கும். அப்புறம் ஒரு நாள் அப்பாவே, "எந்திரி, போதும், போய்ப் படி" என்று எழுப்பிவிட்டார். அதிலிருந்து அந்த இடத்துக்குக் கூலிக்கு ஆள். இப்போது கூலிக்கும் ஆள் இல்லை. சின்னத் தறியில் கோர்வை இல்லாத சேலை ஒரே ஆள் நெய்யலாம், அதற்குக் கூலி குறைவு.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தார் சுற்றிச் சுற்றிக் காய்த்துப்போன விரல்.

என்னிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. இங்கேயே மூன்று வருஷத்துக்கு வேலை தருவதாகக் கடிதம் வந்திருந்தது. ஜனவரிக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அவர்கள் ஊருக்குத் திரும்பினதும் போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அன்று அங்கேயே சொன்னேன்.

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. ஒரு பெட்டிக் கப்பல் எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போடு" என்றார். "தறிக்கு ஆள் வேணும்னு இருந்தா அன்னிக்கே உன்ன எழுப்பி விட்டிருக்க மாட்டேன்." பிறகு, "ஆனா எனக்கு இது பிடிக்கல பாப்பா. அதையும் சொல்லிடறேன். பிடிச்சிருக்குன்னு பொய் சொன்னா மறுபடி மொட்டை மாடிக்குத்தான் போகணும்."

அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மூணு வருஷம்னா மூணுதானா? முன்னாடி நாலுன்னு சொல்லிட்டு அஞ்சு ஆச்சு." இதற்கு என்னிடம் பதில் இல்லை. "தெரியலம்மா" என்றேன். அது உண்மை.

அப்பாவின் பெரியப்பா திரும்பி வராமல் போனதற்கு அந்தக் காலத்தில் கடிதம் நின்றதுதான் அடையாளம். நமக்கு அந்த நிலைமை இல்லை. தினமும் முகம் பார்த்துப் பேசுகிறோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், மழையா, மழைதான், வெச்சிடட்டுமா, சரி. இப்படி எத்தனை நூறு அழைப்பு! அதில் வீட்டின் பாதித் தறி போனது வரவில்லை, என் வேலைக் கடிதமும் வரவில்லை. இரண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் கஷ்டப்படுத்தக் கூடாது என்றுதான். சிங்கப்பூரில் பத்து நாள் கூடவே இருந்தும் அந்தப் பேச்சு வந்திருக்கவில்லை. பார்க்க இடம் இருந்தது, பிடிக்க பஸ் இருந்தது, வாங்க முஸ்தபாவில் சாமான் இருந்தது. கப்பலின் மூன்றாம் நாள் இறங்கவும் இடமில்லை, அழைப்பும் வராது. பேசாமல் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது?

கப்பல் கம்பெனிகள் இதை விளம்பரத்தில் போடுவதில்லை. நீச்சல் குளத்தைத்தான் போடுகிறார்கள். எனக்கு அந்த டிக்கெட்டில் செலவழித்த காசு முழுதும் அந்த மூன்று நாற்காலிக்கே வசூலாகிவிட்டது.

இனி அம்மா அப்பாவோடு போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருவதால், அவர்கள் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று முதலில் பாருங்கள். மலேசியா 2023 டிசம்பர் 1லிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்க ஆரம்பித்தது. நீங்கள் போகும்போது அது தொடர்கிறதா என்று டிக்கெட் எடுக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். குளிர்சாதனம் ரொம்பக் குளிரும், ஸ்வெட்டரும் சால்வையும் கட்டாயம். ஊறுகாய் பாட்டிலை நம்பி இருக்காதீர்கள். டிக்கெட் விலையோடு முடியாது, ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் தனியாக வரும். மூட்டுவலி உள்ளவர்களுக்கு லிஃப்டுக்குப் பக்கத்து அறையாகக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு ஊர் என்று ஓடுகிற பயணத்தை எடுக்காதீர்கள். முழுக்கக் கடலில் கழிகிற ஒரு நாளாவது இருக்கிற மாதிரி பார்த்து எடுங்கள். வைஃபை வாங்காதீர்கள்.

அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்த அன்று ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தது. அம்மா மாடி ஏறவில்லை. பின்னால் சின்னத் தறி ஓடுகிற சத்தம் கேட்டது. அப்பா நெய்துகொண்டே பேசினார். மூடின குழி மேல் சிமெண்ட் பூசிவிட்டார்களா என்று கேட்டேன். "இல்ல, உங்கம்மா அங்க கட்டில் போட்டுட்டா. நீ வந்தா படுத்துக்க" என்றார்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை அவர்களுக்குப் படித்தும் காட்டினேன்.